மனை வாங்கும்போது பூங்காவுக்கும் சேர்த்துதான் காசு கொடுக்குறீங்க... அந்தப் பூங்கா எங்கே?

போன வீட்டுமனை வீடியோவுல ஓ.எஸ்.ஆர். பத்தி ரெண்டு நிமிஷம் பேசிட்டுத் தாண்டிப் போயிட்டேன். வீடியோ போட்ட பிறகுதான் தோணுச்சு, அது ரெண்டு நிமிஷத்துல முடிக்குற விஷயம் இல்லை. உங்க பாக்கெட்டுல இருந்து சில லட்சங்கள் போற விஷயம். அதனால இந்தக் கட்டுரை.

என் அத்தை பையன் கதையில இருந்து ஆரம்பிக்கிறேன். 2013-ல செங்கல்பட்டு பக்கம் ஒரு பழைய லேஅவுட்டுல 1,200 சதுர அடி மனை வாங்கினான். மறுவிற்பனை மனை. லேஅவுட்டுக்கு அனுமதி கிடைச்சது தொண்ணூறுகள்ல. புரோக்கர் சொன்ன முக்கியமான பாயின்ட், "சார், இது பார்க் ஃபேஸிங்". அதுக்காகவே பக்கத்து வரிசையை விட சதுர அடிக்கு 150 ரூபாய் அதிகம். 1,200-ஐ 150-ஆல பெருக்குங்க. 1,80,000 ரூபாய். பூங்கான்னு சொன்ன இடத்துல அப்போ சீமைக்கருவேல முள்ளும் நாலு வேப்பமரமும்தான் இருந்துச்சு. "பஞ்சாயத்துல போட்டுருவாங்க சார்" அப்படின்னு பதில். இவனும் நம்பினான்.

ஒன்பது வருஷம் கழிச்சு ஒரு நாள் காலையில அந்த இடத்துல ஜேசிபி நிக்குது. முள்ளெல்லாம் சுத்தம். இவனுக்கு சந்தோஷம், பூங்கா வேலை ஆரம்பிச்சாச்சுன்னு. மறுநாள் கல் நட்டாங்க, அதுக்கடுத்த நாள் "மனைகள் விற்பனைக்கு" போர்டு. லேஅவுட் போட்டவர் இறந்துட்டார், வாரிசுகள் விக்க வந்திருக்காங்க. கேட்டா, "பத்திரம் எங்க அப்பா பேர்லதான் இருக்கு, பாருங்க". வில்லங்கச் சான்று எடுத்துப் பார்த்தா உண்மைதான். லேஅவுட் வரைபடத்துல "பூங்கா"ன்னு பச்சை அடிச்சிருக்கு. ஆனா அந்த இடத்தை உள்ளாட்சிக்கு எழுதிக் கொடுத்த தான பத்திரம் பதிவே ஆகலை.

கதையோட மீதியைக் கடைசியில சொல்றேன். முதல்ல கணக்கு.

1,200 சதுர அடி மனைக்குள்ள 133 சதுர அடி பூங்கா

ஓ.எஸ்.ஆர்.னா திறந்தவெளி ஒதுக்கீடு. ஒரு பெரிய நிலத்தை மனைகளாப் பிரிச்சு விக்கும்போது, சாலைகள் போக மீதியில 10 சதவீதத்தை பொதுமக்கள் பொழுதுபோக்குக்குன்னு ஒதுக்கணும். இப்போ நடைமுறையில இருக்குறது 2019-ம் வருஷத்து தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டிட விதிகள். 3,000 சதுர மீட்டருக்குள்ள, அதாவது சுமார் 74 சென்ட் வரைக்கும், இந்த ஒதுக்கீடு கிடையாது. 3,000-ல இருந்து 10,000 வரைக்கும் நிலமா கொடுக்கணும், முடியலைன்னா வழிகாட்டி மதிப்புப்படி பணமா கட்டலாம். 10,000 சதுர மீட்டரைத் தாண்டிட்டா, சுமார் இரண்டரை ஏக்கர், பணம் கட்டித் தப்பிக்க முடியாது. நிலத்தையே பதிவு செய்த தான பத்திரம் மூலமா, காசு வாங்காம, ஒப்படைச்சே ஆகணும்.

இப்போ 5 ஏக்கர் லேஅவுட் ஒண்ணை எடுத்துப்போம். மொத்தம் 2,17,800 சதுர அடி. சாலைக்கு 30 சதவீதம் போச்சுன்னு வைங்க, மீதி 1,52,460. அதுல 10 சதவீதம் பூங்கா, 15,246 சதுர அடி. விக்கக்கூடிய மனைப் பரப்பு 1,37,214. (மின்வாரியத்துக்கும் உள்ளாட்சிக்கும் கொடுக்க வேண்டிய சின்ன ஒதுக்கீடுகளை எளிமைக்காக விட்டுட்டேன்.)

புரொமோட்டர் தர்மத்துக்கு லேஅவுட் போடலை. 5 ஏக்கருக்கும் அவர் கொடுத்த காசை இந்த 1,37,214 சதுர அடியில இருந்துதான் எடுக்கணும். அதாவது நீங்க வாங்குற ஒவ்வொரு 9 சதுர அடிக்கும் 1 சதுர அடி பூங்கா சுமை ஏறி உட்கார்ந்திருக்கு. 1,200 சதுர அடி மனைன்னா 133 சதுர அடி. சதுர அடி 2,000 ரூபாய்ன்னா அந்த விலையில இது 2,66,000 ரூபாய்க்கு மேல. புரொமோட்டரோட அடக்க விலையில பார்த்தா குறையும், சரி. அப்பவும் லட்சக் கணக்குதான்.

"அரசாங்கம் ஏன் பார்க் போட மாட்டேங்குது"ன்னு கேட்கும்போது நாம ஒண்ணை மறந்துடுறோம். நிலத்துக்கான காசை ஏற்கனவே நாம கொடுத்தாச்சு. பூங்காவுக்கு ஆகுற செலவுலயே பெரிய செலவு நிலம்தான், அது முடிஞ்சது. அரசாங்கம் போட வேண்டியது மீதியை மட்டும்தான்.

சரி, இப்படி இலவசமா எழுதி வாங்குறது நியாயமா? இதே கேள்வி உச்ச நீதிமன்றம் வரைக்கும் போச்சு. சென்னை அடுக்குமாடி உரிமையாளர்கள் சங்கம் ஒண்ணு, 10 சதவீதத்தைக் காசில்லாம எழுதிக் கொடுக்கச் சொல்றது எங்க சொத்துரிமையைப் பறிக்குதுன்னு வழக்கு போட்டாங்க. 2023 பிப்ரவரியில தீர்ப்பு. விதி செல்லும்னு சொல்லிட்டாங்க.

இதுல அபார்ட்மென்ட் வாசகர்களுக்கு ஒரு கசப்பான செய்தி இருக்கு. விளம்பரத்துல "பிரைவேட் பார்க்"னு காட்டுறது தானமா எழுதிக் கொடுத்த ஓ.எஸ்.ஆர். நிலமா இருந்தா, அது உங்க அசோசியேஷன் சொத்து இல்லை. கேட்டு போட்டு, வாட்ச்மேன் வச்சு, வெளியாளை உள்ள விடாம இருக்க முடியாது. தெருமுனை டீக்கடைக்காரரோட குழந்தைக்கும் அந்த ஊஞ்சல் சொந்தம். எனக்கு இதுல மாற்றுக் கருத்தே இல்லை. ஆனா விக்கும்போது இதைச் சொல்லாம விக்கிறாங்களே, அதுலதான் எனக்குக் கோபம்.

எப்படி சரிபார்க்குறது?

வீட்டுமனை வீடியோவுல சொன்ன தாய்பத்திரம், பட்டா, வில்லங்கம் எல்லாம் உங்க மனைக்குப் பார்ப்பீங்க. அதே வேலையைப் பூங்காவுக்கும் பாருங்கன்னுதான் சொல்றேன். கூடுதலா ஆகுறது அரை நாள்.

அனுமதி பெற்ற லேஅவுட் வரைபடத்தோட நகல் வாங்குங்க. சென்னைப் பெருநகரப் பகுதின்னா சி.எம்.டி.ஏ., வெளியேன்னா டி.டி.சி.பி. புரோக்கர் கொடுக்குற கலர் பிரவுச்சர் வரைபடம் வேண்டாம், அனுமதி எண்ணும் முத்திரையும் இருக்குறது வேணும். ரெண்டையும் பக்கத்துல வச்சுப் பாருங்க. பிரவுச்சர்ல இருக்குற பூங்கா அசல்ல "எதிர்கால விரிவாக்கம்"னு இருக்குறதை நானே பார்த்திருக்கேன்.

அடுத்து பூங்கா எந்த சர்வே எண்ணுல வருதுன்னு குறிச்சுக்கிட்டு, அந்த எண்ணுக்குத் தனியா வில்லங்கம் போடுங்க. பதிவுத்துறை இணையதளத்துலயே பார்க்கலாம். பஞ்சாயத்து, நகராட்சி அல்லது மாநகராட்சி பேருக்கு தான பத்திரம் பதிவாகியிருக்கணும். சாலைகளுக்கும் சேர்த்தே எழுதியிருப்பாங்க. அது இருந்தா பாதி நிம்மதி. மீதி நிம்மதி பட்டாவுல இருக்கு. தான பத்திரம் பதிவாகியும் உட்பிரிவு பண்ணாம, வருவாய்த்துறை கணக்குல இன்னும் பழைய உரிமையாளர் பேரே ஓடிக்கிட்டிருக்கிற இடங்கள் நிறைய. அ-பதிவேட்டையும் புல வரைபடத்தையும் பாருங்க.

500 சதுர மீட்டருக்கு மேல இருக்குற, இல்லைன்னா 8 மனைக்கு மேல இருக்குற புது லேஅவுட்டுன்னா ரெரா பதிவு இருக்கணும். அந்தச் சட்டப்படி, அனுமதி வாங்கின வரைபடத்தை மீறி புரொமோட்டர் மாத்த முடியாது. விளம்பரத்துல பூங்கான்னு காட்டிட்டு இல்லைன்னா இழப்பீடு கேட்கவும் வழி இருக்கு. அதனால அந்த பிரவுச்சரைத் தூக்கிப் போடாதீங்க! பத்திரத்தோட சேர்த்து ஃபைல்ல வைங்க.

பழைய லேஅவுட், ஆவணம் எதுவும் கிடைக்கலைன்னா தகவல் உரிமைச் சட்டம். பத்து ரூபாய் கட்டணம், முப்பது நாள். "இந்த அனுமதி எண் கொண்ட லேஅவுட்டில் பூங்காவுக்கு ஒதுக்கப்பட்ட இடத்தின் தான பத்திர எண், தேதி, நகல் தரவும்" அப்படின்னு ஒரே வரி போதும். வளவளன்னு எழுதாதீங்க, தப்பிக்க வழி கிடைச்சுடும்.

அனுமதி இல்லாத மனை வாங்கினவங்க நிலைமை வேற. 2016 செப்டம்பர் 9-ல சென்னை உயர் நீதிமன்றம் அந்த மனைகளோட பத்திரப்பதிவுக்குத் தடை போட்டதும், அதே வருஷம் அக்டோபர் 20-க்கு முன்னாடி பதிவானதை வரன்முறைப்படுத்த 2017-ல விதிகள் வந்ததும் உங்களுக்கு ஞாபகம் இருக்கும். வரன்முறை பண்ணினா மனைக்கு அங்கீகாரம் கிடைக்கும். ஆனா லேஅவுட்டுல இடமே விடலைன்னா பூங்கா எங்கிருந்து வரும்? அப்படிப்பட்ட இடத்துல "பார்க் ஃபேஸிங்"னு யாராவது சொன்னா சிரிச்சுட்டு வந்துடுங்க.

நிலம் வந்தாச்சு. ஊஞ்சலுக்கு யார் காசு?

இங்கதான் பெரும்பாலான லேஅவுட்டுகள் மாட்டிக்கிட்டு நிக்குது. தான பத்திரம் சரியா இருக்கு, பட்டா மாறியாச்சு, ஆனா இடம் புதரா கிடக்கு. உள்ளாட்சியில கேட்டா "நிதி இல்லை".

நிதி எங்கிருந்து வரும்னு தெரிஞ்சாத்தான் சரியான கதவைத் தட்ட முடியும். முதல்ல உள்ளாட்சியோட சொந்த வருமானம். சொத்து வரி எல்லாருக்கும் தெரியும். தெரியாத ஒண்ணு சொல்றேன். பத்திரப்பதிவுல நீங்க கட்டுற 7 சதவீத முத்திரைத்தீர்வையில 2 சதவீதம் சொத்து மாற்றத்துக்கான மேல்வரி, அது உள்ளாட்சிகளுக்குப் போகுது. 24 லட்ச ரூபாய் மதிப்புள்ள மனைன்னா 48,000 ரூபாய். உங்க ஏரியாவுல வருஷத்துக்கு எத்தனை பத்திரம் பதிவாகுதுன்னு யோசிச்சுப் பாருங்க. அடுத்த தடவை "நிதி இல்லை"ன்னு சொன்னா இந்தக் கணக்கை மரியாதையா எடுத்து வைக்கலாம்.

மத்திய அரசு பக்கம் 2015-ல வந்த அம்ருத் திட்டம். 500 நகரங்கள், ஐந்து வருஷத்துக்கு 50,000 கோடி. பெரும்பகுதி குடிநீருக்கும் கழிவுநீருக்கும். பூங்காக்களுக்கு உச்சவரம்பே 2.5 சதவீதம். குறைவாத் தெரியும், ஆனா நிலம் தயாரா வச்சிருந்த நகரங்களுக்கு அது நல்ல வாய்ப்பா இருந்துச்சு. 2021-ல அம்ருத் 2.0 வந்திருக்கு. இது நகரத்து உள்ளாட்சிகளுக்கான திட்டம். உங்க லேஅவுட் ஊராட்சியில இருந்தா இந்தக் கதவு இல்லை.

ஊராட்சிகளுக்குன்னு 2016-ல மாநில அரசு அறிவிச்சது அம்மா பூங்கா. 500 இடங்கள், ஒண்ணுக்கு 20 லட்சம் பூங்காவுக்கு, 10 லட்சம் உடற்பயிற்சிக் கூடத்துக்கு. உங்க ஊர்ல இருந்தா போய்ப் பாருங்க. சில இடம் நல்லா இருக்கும், சில இடத்துல துருப்பிடிச்ச கம்பிதான் மிச்சம். காரணம் எளிமை. கட்டுறதுக்கு ஒதுக்குற பணம் ஒரு தடவை வரும். தண்ணி ஊத்த, புல் வெட்ட, பல்பு மாத்த மாசாமாசம் பணம் வேணும். அதுக்கு தலைப்பே இல்லை. காரை லோன்ல வாங்கிட்டு பெட்ரோலுக்குக் காசில்லாம நிறுத்தி வைக்கிற மாதிரிதான்.

பெரிய பூங்காவுக்குக் காசு வருது, சின்னதுக்கு வர மாட்டேங்குது, அதுவும் உண்மை. சென்னையில 2024 அக்டோபர்ல திறந்த கலைஞர் நூற்றாண்டுப் பூங்கா 6.09 ஏக்கர், 46 கோடி ரூபாய். ஏக்கருக்கு ஏழரைக் கோடி. நல்லா இருக்கு, குழந்தைகளைக் கூட்டிட்டுப் போனேன், பெரியவங்களுக்கு 100 ரூபாய் டிக்கெட். ஆனா 100 ரூபாய் டிக்கெட் பூங்கா வருஷத்துக்கு ரெண்டு தடவை போற இடம். தினமும் சாயங்காலம் அப்பா அம்மா நடக்குற இடம் தெருவுக்குப் பக்கத்துல இருக்கணும்.

நடைபாதை விஷயத்துல மட்டும் நம்ம அரசு கொஞ்சம் புத்திசாலித்தனமா யோசிச்சிருக்குன்னு சொல்வேன். 2023 நவம்பர் 4-ல சென்னை பெசன்ட் நகர்ல ஆரம்பிச்ச "நடப்போம் நலம் பெறுவோம்" திட்டம், 38 மாவட்டத்துலயும் 8 கிலோமீட்டர் நடைபாதை. டோக்கியோவில் பார்த்ததை வச்சு வந்த யோசனைன்னு அமைச்சர் மா. சுப்பிரமணியன் சொல்லியிருக்கார். நிலம் வாங்கலை, புதுசா ரோடு போடலை. இருக்கிற சாலையிலயே வழி குறிச்சு, பலகை வச்சது. இதோட தியாகராய நகர் பாண்டி பஜார் நடைபாதை வளாகத்தை ஒப்பிடுங்க, அது ஸ்மார்ட் சிட்டி நிதியில சுமார் 40 கோடி. ரெண்டும் வேற வேற தேவைதான், ஆனா ஒரு ரூபாய்க்கு எத்தனை பேர் நடக்குறாங்கன்னு பார்த்தா முதல் திட்டம் மாதிரி மலிவானது வேற இல்லை.

அமெரிக்காவுல இருக்குற நம்ம வாசகர்களுக்காக ஒரு சின்ன இடைச்செருகல். அங்க 1964-ல சட்டம் போட்டு நிலம் மற்றும் நீர் பாதுகாப்பு நிதின்னு ஒண்ணு வச்சிருக்காங்க. கடலுக்குள்ள எண்ணெய், எரிவாயு எடுக்குற கம்பெனிகள் கட்டுற பணத்துல இருந்து வருஷத்துக்கு 90 கோடி டாலர். ரொம்ப வருஷம் அந்தப் பணத்தை வேற செலவுக்குத் திருப்பிக்கிட்டே இருந்தாங்க. 2020-ல புதுச் சட்டம் வந்த பிறகுதான் முழுத் தொகையும் கட்டாயம் ஆச்சு. உள்ளூர்ப் பூங்காவுக்கு இதுல மானியம் வேணும்னா பாதித் தொகையை உள்ளூர் பக்கம் போடணும். எனக்குப் பிடிச்ச நிபந்தனை வேற. இந்த நிதி வாங்கின இடத்தை வேற உபயோகத்துக்கு மாத்தணும்னா, அதே மதிப்புள்ள இன்னொரு இடத்தைப் பூங்காவுக்குக் கொடுத்தாகணும். நம்ம ஊர்ல அந்தப் பூட்டு வேலையை நீதிமன்றம் பார்க்குது. பெங்களூருல பூங்காவுக்கு ஒதுக்கின இடத்தை தனியார் மருத்துவமனைக்குக் கொடுத்ததை 1991-லயே உச்ச நீதிமன்றம் ரத்து பண்ணியிருக்கு. ஆஸ்பத்திரியும் நல்ல விஷயம்தானேங்குற வாதம் எடுபடலை. உங்க ஏரியா பூங்காவுல யாராவது "பொது நன்மைக்காக" எதையாவது கட்ட வந்தா இந்தத் தீர்ப்பை வக்கீல்கிட்ட ஞாபகப்படுத்துங்க.

நாமளும் போட்டா வேகமா நகருது

சட்டமன்ற உறுப்பினர் தொகுதி நிதி வருஷத்துக்கு 3 கோடி, எம்.பி. நிதி 5 கோடி. கேட்கலாம், தப்பில்லை. ஆனா ஒரு தொகுதியில எத்தனை லேஅவுட் இருக்கு! என் அனுபவத்துல வேகமா நகர்றது நமக்கு நாமே திட்டம். வேலைக்கான மதிப்பீட்டுல குறைஞ்சது மூணுல ஒரு பங்கை மக்கள் கட்டணும், மீதியை அரசு போடும். மக்கள் பங்குன்னா உங்க தெருக்காரங்க மட்டும் இல்லை, கம்பெனி, அறக்கட்டளை யார் வேணும்னாலும் போடலாம். பக்கத்துல தொழிற்சாலை இருந்தா அவங்க சமூகப் பொறுப்பு நிதியைக் கேளுங்க. கம்பெனிச் சட்டப்படி குறிப்பிட்ட அளவுக்கு மேல இருக்குற நிறுவனங்கள் மூணு வருஷச் சராசரி லாபத்துல 2 சதவீதம் செலவு பண்ணணும்.

ஊராட்சின்னா கிராம சபையில தீர்மானம் போட வைங்க. இப்போ வருஷத்துக்கு ஆறு தடவை நடக்குது. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. பராமரிப்பு யார் பொறுப்புங்குறதையும் அதே தீர்மானத்துல எழுதிடுங்க. இல்லைன்னா ரெண்டு வருஷத்துல துருப்பிடிச்ச கம்பி.

இப்போ அத்தை பையன் கதைக்கு வருவோம். அந்த லேஅவுட்டுல 46 மனை உரிமையாளர்கள். முதல் கூட்டத்துக்கு வந்தது ஒன்பது பேர். "பார்க் ஃபேஸிங் உள்ளவன் கவலைப்படட்டும்"னு மத்தவங்க இருந்துட்டாங்க. பூங்கா போச்சுன்னா லேஅவுட் அனுமதியோட நிபந்தனையே மீறினதாகும், நாளைக்கு உங்க மனையை விக்கும்போதும் வாங்குறவன் வக்கீல் கேள்வி கேட்பான்னு ஒவ்வொரு வீடா ஏறிச் சொன்ன பிறகு முப்பது பேர் சேர்ந்தாங்க. ஆளுக்கு 12,000 ரூபாய் வக்கீல் செலவு. அனுமதி வரைபடத்தோட சான்றிட்ட நகலை வச்சு மனு, நோட்டீஸ், அலைச்சல், ரெண்டு வருஷம். 2024 கடைசியில வாரிசுகளே வந்து தான பத்திரம் எழுதிக் கொடுத்தாங்க. அந்த மனைகளுக்கு அட்வான்ஸ் கொடுத்திருந்த மூணு பேர் தங்கள் காசைத் திருப்பி வாங்கிட்டாங்களான்னு கேட்டேன். ஒருத்தருக்கு இன்னும் வரலையாம்.

இப்போ நமக்கு நாமே திட்டத்துல சுற்றுவேலி, நடைபாதை, நாலு விளையாட்டு உபகரணம், ஒரு போர்வெல்னு 12 லட்சத்துக்கு மதிப்பீடு போட்டிருக்காங்க. மக்கள் பங்கு 4 லட்சம். 46-ஆல வகுத்தா ஆளுக்கு சுமார் 8,700 ரூபாய். இதுவரை 29 பேர் கட்டியாச்சு. மீதி ஆட்கள்ல பலர் பின் வரிசை. அவங்க கேக்குறது, "பார்க் ஃபேஸிங்காரங்க மனை விலை ஏறும், எங்களுக்கு ஏறுமா? ஏன் சமமா கட்டணும்?"

நியாயமான கேள்விதான். அத்தை பையன்கிட்ட நான் சொன்னது, பூங்காவைப் பார்த்த 11 மனைக்காரங்க ஆளுக்கு 15,000 போடுங்க, மீதி 35 பேருக்கு சுமார் 6,700 வரும், கணக்கு சரியாயிடும். "ஏற்கனவே 1,80,000 கொடுத்தாச்சே"ன்னு முனகினான். அந்தக் காசு புரோக்கருக்கும் பழைய ஓனருக்கும் போனது, பூங்காவுக்கு ஒரு ரூபாய் போகலைன்னு சொன்னேன். அடுத்த ஞாயித்துக்கிழமை கூட்டம். என்ன முடிவாச்சுன்னு அடுத்த வீடியோவுல சொல்றேன். அந்தத் தான பத்திரத்தையும் பேர், எண் எல்லாம் மறைச்சுக் காட்டுறேன், உங்க லேஅவுட் பத்திரத்துல எந்த வரி இருக்கணும்னு ஒப்பிட்டுப் பார்த்துக்கலாம்.